எஸ்.எச். 49: புதுச்சேரியிலிருந்து பழைய கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தடம் பிடிப்பது எப்படி

மாமல்லபுரம் – புதுச்சேரி கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு இப்போது தேசிய நெடுஞ்சாலை 332ஏ என்று பெயர். அதற்கு முன் அது சென்னையிலிருந்து வந்த மாநில நெடுஞ்சாலை (எஸ்.எச்.) 49. நான்குவழி வேலையில் பழைய அடையாளங்கள் வேகமாகப் போய்க்கொண்டிருக்கின்றன. பழைய தடத்தைப் பதிவு செய்ய நினைப்பவர்கள் தள்ளிப்போடக் கூடாது.

இது ஆதிமுதல் ஒரே சாலையாக இருந்ததல்ல. ஊருக்கு ஊர் துண்டாகக் கிடந்த பாதைகளை 1990களில் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் இணைத்து எடுத்த சாலை. அதுவரை சென்னை வண்டிகளுக்குத் திண்டிவனம்தான் வழி. ஆகவே ஒரே கோடாகத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். துண்டு துண்டாகத்தான் பிடிக்க வேண்டும்.

கிளம்பும் முன் சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 வரைபடத்தையும் கூகுள் எர்த்தின் பழைய ஆண்டுப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புதுச்சாலை நேராக வெட்டிக்கொண்டு போகும் இடத்தில், ஊர்ப்பக்கமாக வளைந்து போய்த் திரும்பவும் வந்து சேரும் சந்து தெரிந்தால் குறித்துக்கொள்ளுங்கள். அது பழைய தடமாக இருக்கலாம். ஆனால் வளைவு மட்டும் சாட்சியாகாது. அந்தச் சர்வே எண்ணின் புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்) அ-பதிவேட்டையும் (நிலத்தின் வகை குறித்த வருவாய்த்துறைப் பதிவேடு) எடுத்து, வகைப்பாடு சாலைப் புறம்போக்கா, வண்டிப்பாதையா என்று பார்த்தால்தான் உறுதியாகும். தமிழ்நாட்டு ஊர்களுக்கு வருவாய்த்துறையின் இணையச் சேவை, புதுச்சேரி ஊர்களுக்கு 'நிலமகள்' தளம். இரண்டையும் கலந்துவிடக் கூடாது. பலரும் தடுக்கி விழுவது இங்கேதான்.

காரணம் எல்லைகள். முத்தியால்பேட்டை புதுச்சேரி, அடுத்த கோட்டக்குப்பம் விழுப்புரம் மாவட்டம், பெரிய முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் தாண்டினால் காலாப்பட்டில் மறுபடி புதுச்சேரி, கனகசெட்டிக்குளத்துக்கு வடக்கே மீண்டும் தமிழ்நாடு. மாநில நெடுஞ்சாலை எண் அந்தந்த மாநிலம் தருவது. தமிழ்நாட்டின் 49ஐக் காலாப்பட்டு மைல்கல்லில் தேடிப் பயனில்லை.

ஊருக்குள்ளிருந்து கிளம்பும்போது மகாத்மா காந்தி சாலை, முத்தியால்பேட்டை மணிக்கூண்டு வழியாகப் போங்கள். ராஜீவ் காந்தி சிலை, சிவாஜி சிலை வழியாக வரும் அகலச் சாலை அவசரக்காரர்களுக்கு.

மைல்கல்லின் தலை பச்சையென்றால் மாநில நெடுஞ்சாலை, மஞ்சளென்றால் தேசிய நெடுஞ்சாலை. பச்சைக்கு மேலேயே மஞ்சள் பூசியிருந்தால் பெயர்ந்த இடத்தில் அடிநிறம் தெரியும். சுரண்டாதீர்கள், காலைச் சாய்வெயிலில் படமெடுத்தாலே போதும். கல்லை மட்டும் நம்பவும் வேண்டாம். அகலப்படுத்தும்போது பிடுங்கி வேறிடத்தில் சாய்த்துவிடுவார்கள். இடம்விட்டு நகராதது சிறுபாலத்தின் பழைய கைப்பிடிச்சுவர். அதில் ஆண்டு பொறித்திருந்தால் அதுவே முதல் சாட்சி.

வழியில் நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் மரக்காணம். இருபுறமும் உப்பளம், மேற்கே கழுவேலி ஏரி, பக்கிங்காம் கால்வாயின் தென்கோடி, எல்லாம் இங்கே கூடுகின்றன. தாழ்ந்த சதுப்பு என்பதால் சாலையை மண்கொட்டி உயர்த்தித்தான் கொண்டுபோக முடியும். கரையின் ஓரம் இளகியிருக்கும். கார்த்திகை மழையில் வண்டியை ஓரம்கட்டாதீர்கள்.

கடப்பாக்கத்தில் கடற்பக்கம் திரும்பினால் ஆலம்பரைக் கோட்டை. 1750இல் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே கைக்கு வந்து, 1760இல் ஆங்கிலேயர் இடித்தது. இந்தக் கரையோரத்துக்குப் போக்குவரத்து புதிதல்ல என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் வேண்டியதில்லை. பிறகு கூவத்தூர், வாயலூரில் பாலாற்றுப் பாலம், கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம்.

வேலை நடக்கும் பகுதிகளில் மாற்றுப்பாதை திடீரென்று வரும். இரவில் போக வேண்டாம். மாமல்லபுரம் வந்ததும் திரும்பிவிடாமல் வடக்கே சற்றுத் தூரம் போங்கள். அங்கிருந்து சென்னைப் பக்கம் இன்னும் மாநிலச் சாலைதான். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பச்சைக் கல்லையாவது படமெடுத்துக்கொள்ளுங்கள்.