பூச்சி சக்தி கொண்ட நாயகி: முதல் எட்டுப் பக்கக் காமிக்ஸைப் போடுவது எப்படி?

சொந்தமாக ஒரு காமிக்ஸ் போட வேண்டும், அதில் பூச்சியின் சக்தி கொண்ட ஒரு பெண் நாயகியாக வர வேண்டும் என்று ஆசைப்படுபவர்களுக்கு இந்தச் செய்முறை. பின்னால் எந்தப் பதிப்பகமும் இல்லை, எழுதுவது, வரைவது, அச்சடிப்பது எல்லாம் நீங்களும் கூட ஒரு நண்பரும்தான் என்று வைத்துக்கொள்கிறேன். எட்டுப் பக்கம் போதும். முதல் கதையையே இருநூறு பக்கத்துக்குத் திட்டமிடுபவர்கள் பெரும்பாலும் அட்டைப்படத்தோடு நின்றுவிடுகிறார்கள்.

படி 1: ஒரே ஒரு பூச்சி

பறக்கிறாள், கொட்டுகிறாள், ஒளிர்கிறாள், சுவரில் ஏறுகிறாள் என்று எல்லாவற்றையும் ஒருத்தி தலையில் கட்டாதீர்கள். எல்லாம் முடிந்தவளுக்கு மூன்றாம் பக்கத்துக்கு மேல் செய்ய வேலை இருக்காது. ஒரு பூச்சியை எடுங்கள். சிலந்தி இந்தக் கணக்கில் வராது, அதற்குக் கால் எட்டு, பூச்சிக்கு ஆறுதான்.

கண்ணுக்குத் தெரிகிற சக்தியாகப் பாருங்கள். எறும்புகள் வாசனையால் பேசிக்கொள்வது அபாரமான விஷயம், ஆனால் கட்டத்துக்குள் வாசனையை எப்படி வரைவது? மின்மினியை எடுத்தால் முக்கால்வாசிக் கதையை இருட்டில் நடத்த வேண்டும். தட்டான் நான்கு இறக்கைகளையும் தனித்தனியாக இயக்கும், நின்ற இடத்தில் மிதக்கும், பின்பக்கமாகவும் பறக்கும். துரத்தல் காட்சிக்கு இதைவிட நல்ல பூச்சி கிடையாது.

இங்கே உதாரணத்துக்கு முசுறை எடுத்துக்கொள்கிறேன். மாமரத்தில் இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும் செவ்வெறும்பு. மாங்காய் பறிக்க ஏறி அதனிடம் கடி வாங்கியவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை.

படி 2: அது எப்படி வாழ்கிறது என்று படியுங்கள்

அவசரப்படக் கூடாத படி இது. பலர் பூச்சியின் வலிமையை மட்டும் குறித்துக்கொண்டு எழுந்துவிடுகிறார்கள். கதை இருப்பது அதனால் முடியாததில்தான். முசுறு எப்படிக் கூடு கட்டுகிறது என்று பாருங்கள், நான் சொல்வது புரியும்.

முதலில் வேலைக்கார எறும்புகள் வரிசையாக நின்று ஓர் இலையின் விளிம்பைத் தாடையால் கவ்விப் பக்கத்து இலையை நோக்கி இழுக்கின்றன. இடைவெளி பெரிதாக இருந்தால் ஒன்றின் இடுப்பை இன்னொன்று பிடித்துச் சங்கிலியாகத் தொங்கும். விளிம்புகள் ஒட்டி வந்ததும் வேறு சில எறும்புகள் ஏற்கெனவே இருக்கும் கூட்டுக்குள் போய்ப் புழுப் பருவத்தில் இருக்கும் குட்டிகளைத் தூக்கி வரும். ஒரு குட்டியைத் தாடையில் பிடித்துக்கொண்டு இந்த இலைக்கும் அந்த இலைக்கும் மாற்றி மாற்றிக் கொண்டுபோக, அதன் வாயிலிருந்து பட்டு இழை வரும். தையல் விழும்.

அதாவது வளர்ந்த முசுறுக்கு நூல் விட வராது. குட்டியால்தான் முடியும். வேறு பல எறும்பினங்களில் புழு தனக்கென்று பட்டுக்கூடு பின்னி அதற்குள் உருமாறும். முசுறுக் குட்டியோ தன் பட்டு இழை முழுவதையும் பொதுக் கூட்டுக்குக் கொடுத்துவிட்டு, போர்வையே இல்லாமல் கூட்டுப்புழு ஆகிறது.

இதைப் படித்ததும் எனக்குக் கதை கிடைத்துவிட்டது. நாயகி பொன்னி, செங்கோட்டைப் பக்கம் ஒரு மாந்தோப்பில் வேலை பார்ப்பவள். பிடிப்பாள், இழுப்பாள், தலைகீழாகத் தொங்குவாள். ஆனால் நூல் அவளிடம் இல்லை. ஒன்பது வயதுத் தம்பியிடம் இருக்கிறது. அவன் விடும் ஒவ்வொரு இழையும் பின்னால் அவனுக்கே தேவைப்படப் போவது. வில்லனை விடுங்கள், அக்கா தம்பிக்குள்ளேயே எட்டுப் பக்கத்துக்கு வேண்டிய சண்டை இருக்கிறது.

இன்னும் இரண்டு குறிப்புகள். முசுறுக்குக் கொடுக்கு கிடையாது. கடித்த இடத்தில் வயிற்று நுனியால் ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும், அதுதான் அந்த எரிச்சல். எனவே பொன்னி கொட்டக் கூடாது. அப்புறம், வேலை செய்யும் எறும்புகள் அத்தனையும் பெண்கள், நாயகி பெண்ணாக இருப்பதற்குத் தனியாகக் காரணம் தேட வேண்டாம்.

படி 3: சக்திக்கு அளவு போடுங்கள்

முசுறு ஒன்று வழவழப்பான பரப்பில் தலைகீழாக நின்றபடி தன் எடையைப் போல் நூறு மடங்கைத் தாடையில் தாங்கியது படமாகவே பதிவாகியிருக்கிறது. உடனே "அப்படியானால் 50 கிலோ பொன்னி 5,000 கிலோ தூக்குவாள்" என்று கணக்குப் போடத் தோன்றும். உடல் அப்படி வளராது. உயரம் 2 மடங்கானால் வலிமையைத் தீர்மானிக்கும் தசையின் குறுக்குப் பரப்பு 4 மடங்கு, எடையோ 8 மடங்கு. 1 சென்டிமீட்டர் எறும்பை அப்படியே 160 சென்டிமீட்டருக்குப் பெருக்கினால், எடையோடு ஒப்பிட்ட வலிமை 160 மடங்கு குறையும். நூறை 160ஆல் வகுத்தால் ஒன்றுக்கும் குறைவு. தன் எடையையே தூக்க முடியாத எறும்பு!

இதற்காகக் கதையைக் கைவிட வேண்டாம். கற்பனைதானே, ஒரு பொய்யை வாசகர் ஏற்றுக்கொள்வார். அந்தப் பொய் பக்கத்துக்குப் பக்கம் மாறினால்தான் புத்தகத்தை மூடுவார். ஒரு தாளில் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டுங்கள்: பொன்னி ஓடும் மினி பஸ்ஸை இழுத்துப் பிடிப்பாள், தூக்கி எறிய மாட்டாள். பிடித்தால் விடமாட்டாள், ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பிடிப்பாள். தம்பி பக்கத்தில் இல்லாவிட்டால் நூல் இல்லை.

படி 4: உருவம்

உணர்கொம்பில் கவனமாக இருங்கள். எறும்பின் உணர்கொம்பு முழங்கை போல நடுவில் மடங்கும். வண்ணத்துப்பூச்சிக்கு நுனி உருண்டை, பல விட்டில்களுக்கு இறகு மாதிரி. தலையில் இரண்டு நேர்க்கம்பிகளை நட்டுவிட்டால் எந்தப் பூச்சி என்றே தெரியாது. பொன்னிக்கு நான் தலைத்துண்டின் இரண்டு முனைகளையே மடங்கிய கொம்புகளாக நிறுத்துவேன். தோப்பில் வேலை செய்பவள் தலையில் துண்டு இருப்பது இயல்பு.

உடம்பை ஒட்டிய பளபள உடை வேண்டாம் என்பது என் கட்சி. மரம் ஏறுபவள் எதைப் போட்டுக்கொண்டு ஏறுவாளோ அதிலிருந்து தொடங்குங்கள்: பழைய முழுக்கைச் சட்டை, மடித்துச் செருகிய பாவாடை. ஆரஞ்சு கலந்த பழுப்பு நிறம் முசுறிடமிருந்தே வந்துவிடும். பிறகு முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் என்று ஒரே தாளில் வரைந்து, முழுவதையும் கறுப்பால் நிரப்பிப் பாருங்கள். நிழலை மட்டும் வைத்து அவளை அடையாளம் காண முடியவில்லை என்றால் திரும்ப வரையுங்கள்.

படி 5: கட்டம் கட்டமாக எழுதுங்கள்

பக்கத்துக்கு நான்கு முதல் ஆறு கட்டம். ஒரு கட்டத்தில் ஒரு செயல். "ஓடிவந்து, கதவைத் திறந்து, அதிர்ந்தாள்" என்பது மூன்று கட்டம். ஒரு மாதிரி:

பக்கம் 5, கட்டம் 1: அறுந்து தொங்கும் பாலத்தின் இரண்டு முனைகள். நடுவில் பொன்னி, இரண்டு கையும் விரிந்து இரண்டையும் பிடித்திருக்கிறாள்.
பொன்னி: ஏலே, சீக்கிரம் நூலை விடுலே!
கட்டம் 2: தம்பியின் முகம், மிக அருகில். உதட்டோரம் ஒரே ஓர் இழை.
தம்பி: அக்கா... இதுக்கு மேல எனக்கு இருக்காதுக்கா.
கட்டம் 3: பொன்னியின் விரல்கள் மட்டும். வசனம் இல்லை.

படி 3இல் "ஒரு நேரத்தில் ஒன்றைத்தான்" என்று எழுதினோம், இங்கே அவள் இரண்டைப் பிடித்திருக்கிறாள். விதியை மீறுவதாக இருந்தால் இப்படி ஒரே ஒருமுறை, விலை கொடுத்து மீற வேண்டும்.

படி 6: எழுத்து

பென்சிலில் பக்கத்தை அமைக்கும்போதே வசனக் குமிழுக்கு இடம் ஒதுக்குங்கள். தமிழ்ச் சொல் நீளமானது. குமிழுக்குப் பன்னிரண்டு சொல்லைத் தாண்டினால் முகத்தை மறைக்கும். முதலில் பேசுபவரை இடப்பக்கம் நிறுத்துங்கள்.

வரைய கிரிட்டா என்ற கணினி மென்பொருள் இலவசம். எழுத்துக்கு இங்க்ஸ்கேப் போதும், அதுவும் இலவசம். ஃபோட்டோஷாப்பில் தமிழ் எழுத்தின் கொம்பும் (ெ) காலும் (ா) இடம் மாறி விழுந்தால் எழுத்துருவைத் திட்டாதீர்கள், தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பை இயக்க வேண்டும். கவிவனார், பலூ தம்பி இரண்டும் கட்டணமில்லாத யுனிகோடு எழுத்துருக்கள். கையெழுத்துச் சாயலுக்கு முதலாவது, "தடால்" போன்ற சத்தங்களுக்கு இரண்டாவது.

படி 7: பெயர், உரிமை, அச்சு

பெயரை வைக்கும் முன் தேடுங்கள். அமெரிக்கக் காமிக்ஸ் நிறுவனங்களில் வாஸ்ப் என்ற நாயகி மார்வெலில் 1963இலேயே வந்துவிட்டாள், பம்பிள்பீ என்ற நாயகி டிசியிடம் இருக்கிறாள். உங்கள் படைப்புக்குப் பதிப்புரிமை (காப்பிரைட்) இந்தியாவில் பதிவு செய்யாமலே உண்டு. ஆனால் எழுதுபவர் ஒருவர், வரைபவர் ஒருவர் என்றால் யாருக்கு எவ்வளவு என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். உரிமையை இன்னொருவருக்கு மாற்றிக்கொடுப்பது எழுத்தில் இருந்தால்தான் சட்டப்படி செல்லும், நண்பராக இருந்தாலும்.

நடுவில் பின் அடிக்கும் புத்தகத்துக்குப் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக வேண்டும், எட்டு சரியாக வரும். கோப்பை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) வைத்து, வெட்டும் ஓரத்துக்கு நாலாபுறமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக வரையுங்கள். அச்சகத்துக்கு அனுப்புவதற்கு முன் வசனம் அதிகமுள்ள பக்கத்தை உண்மை அளவில் ஜெராக்ஸ் கடையில் ஒரு பிரதி எடுத்து, கண்ணாடி போடும் வயதில் இருக்கும் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். அவர் தாளைத் தள்ளிப் பிடித்தால் எழுத்தின் அளவை இரண்டு பாயிண்ட் பெரிதாக்குங்கள்.