பயாஸில் ‘ஆட்டோ’ என்றிருந்தால்

ராமையும் பிராசஸரையும் வேகப்படுத்தப் போகிறவர்கள் முதலில் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையான பயாஸில் இப்போதிருக்கும் மின்னழுத்த எண்களை ஒன்றுவிடாமல் எழுதிவையுங்கள். நான் எழுதாமல் கெட்டவன்.

காரைக்குடியில் எங்கள் வீட்டில் ஓடுவது ஏஎம்டியின் ரைசன் 5 3600 பிராசஸர். டிடிஆர்4 ராமுக்கு இயல்பான அளவு 1.2 வோல்ட், ராமை அதன் முழு வேகத்துக்குக் கொண்டுபோகும் ஆயத்த அமைப்பான எக்ஸ்எம்பியைப் போட்டால் பெரும்பாலும் 1.35 ஆகும். ராமின் ஸ்டிக்கரிலேயே அது அச்சாகியிருக்கும், பயம் வேண்டாம். பயப்பட வேண்டியது, நாம் தொடாமல் ‘ஆட்டோ’வில் விட்ட எஸ்ஓசி மின்னழுத்தத்துக்கு. பிராசஸருக்குள் ராமைக் கட்டி மேய்க்கும் பகுதிக்குப் போவது அது. ராமின் வேகம் கூடியதும் சில மதர்போர்டுகள் அதைத் தாமாகவே ஏற்றிவிடும். என்னுடையதில் 1.2-ஐத் தொட்டு நின்றது. கையால் 1.05 போட்டேன், ராம் 3600 வேகத்தில் பிசகாமல் ஓடியது. ஏஎம்டியின் புதிய ஏஎம்5 சாக்கெட் போர்டுகளில் இந்த எஸ்ஓசி 1.3-ஐத் தாண்டவே கூடாது. 2023-இல் சில பிராசஸர்கள் கருகிய பிறகு ஏஎம்டியே போட்ட வரம்பு அது.

பிராசஸரில் ஒரு மயக்கம் உண்டு. வேலை குறைவாக இருக்கும்போது ரைசனின் மின்னழுத்தம் தானாக 1.4-க்கு மேல் போய் வரும். அதைப் பார்த்துவிட்டு எல்லாக் கோர்களுக்கும் 1.4 என்று நிலையாக வைத்தேன். எட்டு மாதத்தில், முன்பு ஓடிய வேகத்திலேயே தொங்க ஆரம்பித்தது. வெப்பம் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு ஏறும், 1.2 இருந்த இடத்தில் 1.35 வைத்தால் கால் பங்குக்கு மேல் கூடுதல். இப்போது 1.25-இல் நிறுத்தி, வேகத்தை மட்டும் படிப்படியாக ஏற்றுகிறேன். தடுமாறினால் ஒரு படி இறக்கம். வேலை கூடும்போது மின்னழுத்தம் சரியாமல் தாங்கும் எல்எல்சி அமைப்பை நடுநிலையில் விடுங்கள்; உச்சத்தில் வைத்தால் வேலை சட்டென்று குறையும் கணத்தில் மின்னழுத்தம் எகிறும்.

ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ இரவில் ஓட்டிவிட்டுத் திருப்திப்படாதீர்கள். இரவு நாலு சுற்றும் தேறிய ராம், சித்திரை மாதத்து மதியம் இரண்டு மணிக்கு இரண்டாவது சுற்றிலேயே பிழை காட்டியது. காலடியில் ஆத்தங்குடிக் கல் குளிர்ந்துதான் கிடந்தது, கேபினட்டுக்குள் வெந்தது.

திரையே வரவில்லையென்றால் பிளக்கைப் பிடுங்கி, மதர்போர்டின் வட்ட பேட்டரியைச் சில நிமிடம் கழற்றிவைத்து மாட்டுங்கள். உயிர் வரும், ஆனால் எல்லாம் மறுபடி ஆட்டோவுக்குப் போயிருக்கும். அப்போதுதான் அந்தத் தாள் வேண்டும். என் தாளின் பின்பக்கத்தில் அப்பத்தா பால் கணக்கு எழுதிவிட்டார்கள். இப்போது அதைக் கேபினட்டின் உட்புறமே ஒட்டிவைத்திருக்கிறேன், பால் கணக்கு வெளியே தெரியாதபடி.