பையடக்கக் கைத்துப்பாக்கி: தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தற்காப்புக்கென முதன்முதலாகச் சிறிய கைத்துப்பாக்கி வாங்குகிறவர்களுக்குப் பயிற்சி அளிக்கையில், தொடக்கக் காலத்தில் நானும் என்னுடன் பயின்றவர்களும் செய்த பிழைகளையே அவர்களும் வரிசை மாறாமல் செய்வதைக் காண்கிறேன். உரிமமின்றி வாங்கக் கூடாது, சுடத் தீர்மானிக்கும்வரை விரல் விசையைத் தொடக் கூடாது, குழந்தைகளின் கைக்கு எட்டும்படி வைக்கக் கூடாது என்பனவற்றை அறியாதவர் இல்லை. ஆகவே அவற்றை விட்டுவிடுகிறேன். துப்பாக்கியையும் காலிபரையும் (தோட்டாவின் அளவு வகை) தேர்ந்தெடுக்கும் இடத்தில் நிகழும் தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

மிக இலேசானதைத் தேடுவது

பணத்தையும் பயிற்சியையும் ஒருசேர வீணாக்குவது இத்தவறுதான். இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவதும் இதுவே. வாங்க வந்தவர் இரண்டு துப்பாக்கிகளைக் கைக்கொன்றாக ஏந்தி எடைபார்க்கிறார். இலேசாக இருப்பதே தினமும் கொண்டுசெல்ல ஏற்றது என்று விற்பவரும் தலையாட்டிவிடுகிறார். 2008-இல் வெளிவந்த ரூகர் எல்சிபி, தோட்டா நிரப்பாத நிலையில், ஏறக்குறைய 270 கிராம்தான். 2018-இல் வந்த சிக் சாவர் பி365 ஏறத்தாழ 500 கிராம். பையில் இருக்கும்வரை அந்த வேறுபாடு இலேசானதற்கே சாதகமாகத் தோன்றும்.

சுடும்போது கணக்கு தலைகீழாகிறது. ஒரே தோட்டாவைப் பாதி எடையுள்ள துப்பாக்கியில் சுட்டால், அது பின்வாங்கும் வேகமும் கை தாங்க வேண்டிய ஆற்றலும் இரட்டிப்பாகின்றன. .380 ஏசிபி மென்மையான காலிபர் என்று எங்கோ படித்துவிட்டு, இருப்பதிலேயே இலேசான துப்பாக்கியை வாங்குகிறவருக்கு, அரைக் கிலோ எடையுள்ள 9 மி.மீ. துப்பாக்கியைவிடச் சுருக்கென்று தைக்கும் உதையே கிடைக்கிறது. பிடியில் இரண்டு விரல்களுக்குத்தான் இடம். சுண்டுவிரல் பிடிக்க ஏதுமின்றி அந்தரத்தில் நிற்கும். மணிக்கட்டு சற்றுத் தளர்ந்தாலும், சுட்டதும் பின்சென்று அடுத்த தோட்டாவை ஏற்றும் மேல்பகுதியான ஸ்லைடு முழுமையாகப் பின்செல்லாமல் அடுத்த தோட்டா பாதி வழியில் சிக்கிக்கொள்ளும்.

அண்மையில் பயிற்சிக்கு வந்த ஒருவர், தம்முடைய புதுத் துப்பாக்கியின் குண்டுகள் எல்லாம் குறிக்குக் கீழே விழுகின்றன என்றும் குறிபார்க்கும் சைட் வளைந்திருக்க வேண்டும் என்றும் உறுதியாகச் சொன்னார். அதை வாங்கி நான் சுட்டபோது சைட்டில் குறை ஒன்றும் தெரியவில்லை. தோட்டாக்களை அடுக்கும் மேகசினில் உண்மையான தோட்டாக்களுக்கு நடுவே, அவர் அறியாமல், வெடிமருந்தில்லாத பயிற்சித் தோட்டா ஒன்றைச் செருகிக் கொடுத்தேன். அதன் முறை வந்தபோது 'டக்' என்ற ஓசை மட்டும் எழுந்தது. ஆனால் துப்பாக்கியின் முனை விருட்டென்று தரையை நோக்கித் தாழ்ந்தது. வரப்போகும் உதைக்கு அஞ்சிக் கை முன்கூட்டியே அழுத்துவதை அவர் அப்போதுதான் கண்ணால் கண்டார். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட தோல் அதற்குள் சிவந்து உரிந்திருந்தது.

"காலிபரைக் குறைத்துவிடட்டுமா, சார்?" என்று கேட்டார்.

"காலிபர் இருக்கட்டும், எடையைக் கூட்டுங்கள்" என்றேன்.

இதன் உண்மையான இழப்பு, வலி தருகிற துப்பாக்கியை எவரும் பயிற்சிக்கு எடுப்பதில்லை என்பதே. சில மாதங்களில் அது பையிலேயே உறங்கும் பொருளாகிவிடுகிறது. பின்னர் இரண்டாவது துப்பாக்கி வாங்கப்படுகிறது. ரிவால்வர் பக்கம் சாய்கிறவர்கள் இதைவிட மோசமாக அகப்பட்டுக்கொள்கிறார்கள். 350 கிராமுக்கும் குறைவான எடையில் .357 மேக்னம் சுடும் ஐந்து தோட்டா ரிவால்வர்கள் உள்ளன. உதையின் அதிர்ச்சியில், இன்னும் சுடப்படாத தோட்டாவின் குண்டு அதன் உலோகக் கூட்டிலிருந்து முன்னே நழுவி, தோட்டாக்களைத் தாங்கிச் சுழலும் சிலிண்டரையே சுழலவிடாமல் தடுத்துவிடக் கூடும். உடைக்குள் மறையும் துப்பாக்கிகளில் மிகக் கனமானதையே நான் பரிந்துரைப்பேன். அதே மாதிரியை இரவல் பெற்று ஐம்பது தோட்டாக்கள் கொண்ட ஒரு பெட்டியைச் சுட்டுத் தீர்த்த பிறகும் இன்னொரு பெட்டியைத் திறக்க மனம் வருகிறதென்றால், அப்போது வாங்கலாம்.

அட்டவணையை நம்பிக் காலிபரை முடிவுசெய்வது

9 மி.மீ. லூகர் 1902-இலும் .380 ஏசிபி 1908-இலும் தோன்றியவை. இரண்டின் குண்டும் ஒரே விட்டம் கொண்டது. கூடு மட்டும் முதலாவதில் 19 மி.மீ., இரண்டாவதில் 17 மி.மீ. நீளம். மருந்து குறைவதால் வேகமும் குறைகிறது. இதுவரை, தோட்டாக்களை ஒப்பிடும் அட்டவணை சரியாகவே சொல்லும். ஆனால் பெட்டியில் அச்சிடப்பட்ட வேகம், பையடக்கத் துப்பாக்கியின் ஏறக்குறைய 70 மி.மீ. குழலைவிட நீளமான குழலில் அளக்கப்பட்டதாகவே பெரும்பாலும் இருக்கும்.

1986-இல் மியாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகு அமெரிக்காவின் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. வகுத்துக்கொண்ட அளவுகோலின்படி, குண்டு, உடல் திசுவுக்குப் பதிலாகப் பயன்படும் சோதனை ஜெலட்டினில் 12 முதல் 18 அங்குலம்வரை ஊடுருவ வேண்டும். குட்டைக் குழலிலிருந்து புறப்படும் .380 ஹாலோ பாயின்ட் குண்டு (உடலில் பட்டதும் விரியும்படி முனையில் குழிவுள்ளது) விரிந்தால் அந்த ஆழத்தை எட்டாமல் நின்றுவிடுவதுண்டு. முனையில் துணி அடைத்து விரியத் தவறினால் ஆழமாகச் சென்றுவிடுவதும் உண்டு. பின்னால் நிற்பவரையும் எண்ணிப் பார்க்க வேண்டியவருக்கு இது சிறிய செய்தி அன்று. ஆகவே தாங்கக்கூடிய எடையில் 9 மி.மீ. கையில் அடங்கினால் அதுவே என் தேர்வு, அடங்காவிட்டால் .380 போதும், ஆனால் குட்டைக் குழலில் சோதிக்கப்பட்ட தோட்டாவையே வாங்க வேண்டும். அது உங்கள் துப்பாக்கியில் சிக்காமல் ஏறுகிறதா என்பதையும் சுட்டுப் பார்த்தே அறிய வேண்டும்.

"9 மி.மீ." என்று மட்டும் கேட்டுத் தோட்டா வாங்குவது

9 மி.மீ. ஷார்ட், 9 மி.மீ. குர்ஸ், 9×17 ஆகிய மூன்றும் .380-இன் வேறு பெயர்களே. 9×18 மக்காரோவ் வேறு. அதன் குண்டு விட்டம் ஏறக்குறைய 9.27 மி.மீ. குழலில் பொறித்திருப்பதை எழுத்துக்கூட்டிப் படித்த பிறகே பெட்டியைத் திறக்கவும்.

ஸ்லைடை இழுத்துப் பாராமல் வாங்குவது

சிறியது என்றால் எளிதில் இழுபடும் என்று எண்ணுகிறார்கள். வால்தர் பிபிகே போன்ற புளோபேக் வகைத் துப்பாக்கிகளில் குழலும் ஸ்லைடும் பூட்டிக்கொள்வதில்லை. ஸ்லைடின் எடையும் சுருள்வில்லின் விறைப்புமே வெடிப்பைத் தாங்குகின்றன. மூட்டுவலி உள்ளவர்கள் தோற்றுப்போவது இங்கேதான்.

.22 காலிபரை முதல் தேர்வாக்குவது

.22 போன்ற, விளிம்பில் பற்றும் தோட்டா, நடுவில் பற்றுவதைவிட அடிக்கடி வெடிக்கத் தவறும். கை வலுவற்றவர்களுக்கு மட்டும் விலக்கு.

உறையின்றிப் பையில் போடுவது

கூடவே கூடாது. விசையை முழுவதும் மூடும் பையுறை வேண்டும்; அந்தப் பையில் சாவியோ நாணயமோ இருக்கக் கூடாது. உறை இருந்தாலும் துணியின் பஞ்சு குழல்வாயிலும், தோட்டாவை வெடிக்கவைக்கத் தட்டும் ஹேமரைச் சுற்றிலும் சேர்ந்துகொண்டே இருக்கும் என்பதால், வாரம் ஒருமுறை மேகசினைக் கழற்றி, குழலின் பின்முனை அறையில் உள்ள தோட்டாவையும் வெளியேற்றிய பிறகு துடைத்துவைக்கவும்.