இத்தாலியப் பெருவாள் பழகுவோருக்கு: இரண்டு வெட்டுகளை இணைப்பது எப்படி?

இரண்டு கைகளாலும் பிடிக்கும் இத்தாலியப் பெருவாளை நான் பழகத் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. முதல் வெட்டு ஒரே மாலையில் கைவந்துவிட்டது. அதை இரண்டாவது வெட்டோடு இணைக்க ஏழு மாதங்கள் பிடித்தன. வாளைத் தனியாகப் பழகும் வேறு சிலரும் அதே இடத்தில்தான் நின்றுபோகிறார்கள் என்பதைப் பிறகு கண்டேன். அந்த இணைப்பை எப்படிக் கற்றேன் என்று விளக்கமாக எழுதுகிறேன். மற்றவற்றைத் தேவையான அளவுக்கு மட்டும் சொல்கிறேன்.

இத்தாலியர் இந்த வாளை ‘ஸ்படோனே’ என்பார்கள். பெரிய வாள் என்று பொருள். நீளம் ஏறத்தாழ 150 முதல் 175 செ.மீ., எடை இரண்டு முதல் மூன்றரை கிலோ. பத்துக் கிலோ, பதினைந்து கிலோ என்று உலவும் கதைகளை நம்ப வேண்டாம். ஊர்வலத்தில் தூக்கிப்போகச் செய்த அலங்கார வாள்கள் அதிக எடையுள்ளவை. போருக்கு எடுத்துச் சென்றவை அப்படியல்ல.

எந்த ஆசிரியரைப் பின்பற்றுவது என்ற கேள்வி முதலிலேயே வரும். இத்தாலியின் பொலோன்யா நகரைச் சேர்ந்த வாட்பயிற்சி ஆசிரியர் அக்கில்லே மரோட்சோ 1536-இல் மொதெனா நகரில் அச்சிட்ட ‘ஓபெரா நோவா’ என்ற நூலில் இருகை வாளுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. ஜாக்கோமோ டி கிராஸ்ஸி 1570-இல் வெனிஸில் தம் வாட்போர் நூலை வெளியிட்டார். படைக்கொடியைக் காக்க அதன் அருகில் இருகை வாள்காரர்களை நிறுத்தும் வழக்கத்தை அதில் குறிப்பிடுகிறார். ஒருவனே பலரை எதிர்கொள்ள வேண்டிய இடத்துக்கு உரிய ஆயுதம் என்பது அவர் கருத்து. பாதுவாவில் வாட்பயிற்சி ஆசிரியராக இருந்த பிரான்செஸ்கோ அல்ஃபியேரி 1653-இல் ஸ்படோனேவுக்கென்றே ஒரு பகுதி எழுதினார். தொடக்க நிலையில் இருப்பவர் நிலைகளையும் வெட்டுகளின் பெயர்களையும் மரோட்சோவிடமிருந்து எடுத்துக்கொண்டு, அவற்றின் நோக்கத்தை டி கிராஸ்ஸியிடம் தேடுவது நல்லது என்பது என் உறுதியான கருத்து. மரோட்சோவின் நீண்ட ஆட்டமுறைகளில் முதல் வாரமே இறங்கினால் வரிசையை மனப்பாடம் செய்வதிலேயே காலம் போய்விடும். உடல் எதையும் கற்றிருக்காது.

கருவி

வட்டமான குழாயையோ கம்பையோ வைத்துத் தொடங்காதீர்கள். வாளுக்குக் கூர் உண்டு. அந்தக் கூர் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதைக் கை எப்போதும் அறிந்திருக்க வேண்டும். வட்டமான பிடி அதைச் சொல்லித் தராது. நீள்வட்டமாகச் செதுக்கிய பிடியுள்ள மரவாள் தொடக்கத்துக்குப் போதும். மரத்தில் ‘ஆஷ்’ (ash) எனப்படும் மரமே என் தேர்வு. அடிபட்டால் சட்டென்று முறியாமல் நார்நாராகப் பிரியும். நைலான் வாள்கள் விலை மலிவு, ஆனால் இந்த நீளத்தில் அவை வளைந்து துவள்கின்றன. வெட்டு முடிந்த பிறகும் நுனி ஆடிக்கொண்டிருந்தால் உங்கள் தவறு எது, வாளின் தவறு எது என்று பிரித்தறிய முடியாது.

மரவாளில் ஆறு மாதம் பழகிய பிறகு கூர்மழுக்கிய எஃகு வாளுக்குப் போகலாம். எடை இரண்டரை கிலோவைத் தாண்ட வேண்டாம். வாங்குவதற்கு முன், பிடிக்கும் அலகுக்கும் நடுவில் குறுக்காக நிற்கும் குறுக்குக்காப்பிலிருந்து எத்தனை செ.மீ. தொலைவில் வாள் விரல்மேல் சமநிலையாக நிற்கிறது என்று கேளுங்கள். 10 முதல் 14 செ.மீ. வரை இருந்தால் கைக்கு இணங்கும்.

இடம்

வாளின் நீளம், கையின் நீளம், ஓரடி முன்வைப்பு எல்லாம் சேர்த்தால் உங்களைச் சுற்றி நான்கு மீட்டர் வெற்றிடம் வேண்டும். முதுகுப்புறமும் அதே அளவு வேண்டும், ஏனென்றால் இந்த வாள் பாதி நேரம் உங்களுக்குப் பின்னால்தான் இருக்கும். நான் பொலோன்யா அருகில் ஓடும் ரேனோ ஆற்றின் கரைப் புல்வெளியில் பழகுகிறேன். வெள்ளைக் கயிற்றால் ஒரு வட்டம் போட்டுவிட்டுத்தான் வாளைப் பையிலிருந்து எடுப்பேன். நாயோ குழந்தையோ கயிற்றை நெருங்கினால் வாளைத் தரையில் ஊன்றி நிற்பேன். பனி ஈரம் காயாத புல்லில் பழகாதீர்கள். வாளை வெளியே கொண்டு செல்வதற்கு உங்கள் ஊரில் என்ன விதி என்பதை முன்கூட்டியே கேட்டறிந்துகொள்ளுங்கள்.

பிடியும் கால்களும்

வலக்கை குறுக்குக்காப்புக்குக் கீழே, இடக்கை பிடியின் கடைசியில் உள்ள அடிக்குமிழுக்குச் சற்று மேலே. வலக்கை வாளுக்கு அச்சு; வாளை ஓட்டுவது இடக்கை. புதியவர்கள் எல்லோரும் வலக்கையால் அடிக்கிறார்கள், இடக்கை சும்மா ஒட்டிக்கொண்டிருக்கிறது. இடக்கை குமிழைத் தன் பக்கம் இழுத்தால் நுனி முன்னால் பறக்கும். பிடியை நெரிக்க வேண்டாம். சுண்டுவிரலும் மோதிரவிரலும் இறுகியிருந்தால் போதும்.

வாளே இல்லாமல், கைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு காலுக்கு முன் மறு காலை மாற்றி மாற்றி வைத்துப் பத்து நிமிடம் நடங்கள். தலை மேலும் கீழும் ஏறி இறங்கக் கூடாது. இதைத் தினமும் செய்யுங்கள்.

இரண்டு வெட்டுகள், இரண்டு நிலைகள்

வலப்புறமிருந்து வரும் வெட்டு ‘மன்ட்ரிட்டோ’, இடப்புறமிருந்து வருவது ‘ரொவெர்சோ’. தோளிலிருந்து எதிர்ப்பக்க முழங்காலை நோக்கிச் சரிவாக இறங்கினால் அதோடு ‘ஸ்குவாலெம்ப்ரோ’ என்ற சொல் சேரும். நேராக மேலிருந்து கீழே என்றால் ‘ஃபென்டென்டே’. கிடைமட்டமாகச் சுழன்றால் ‘டோன்டோ’. இப்போதைக்குச் சரிவு வெட்டு மட்டும்.

இடக்காலை முன்னால் வைத்து, வாளை வலத்தோளில் ஏந்தி நில்லுங்கள். வலக்காலை முன்வைத்துச் சரிவாக வெட்டுங்கள். வாள் உடலின் நடுவிலோ சற்று இடப்பக்கமோ, நுனி தாழ்ந்து நிற்கும். இது ‘போர்ட்டா டி ஃபெர்ரோ’, இரும்புக் கதவு. அடுத்து, இடத்தோளிலிருந்து, இடக்காலை முன்வைத்து ரொவெர்சோ. வாள் வலது முழங்காலுக்கு வெளியே போய் நிற்கும். இது ‘கோடா லுங்கா’, நீண்ட வால்.

மரோட்சோ, வெட்டுகளின் திசைகளைச் சுவரில் குறியாக வரைந்து அதன் முன் மாணவர்களைப் பழக்கச் சொல்கிறார். நானும் பழைய படுக்கை விரிப்பு ஒன்றில் கரிக்கட்டியால் பெருக்கல் குறி வரைந்து இரண்டு மரங்களுக்கு இடையில் கட்டினேன். ஐந்து மீட்டர் தள்ளி நின்று வெட்டும்போது நுனி அந்தக் கோட்டின் மேலேயே பயணிக்கிறதா என்று பார்க்கலாம். என் ரொவெர்சோ சரிவு வெட்டே அல்ல, ஏறக்குறையக் கிடைமட்டமாகப் போகிறது என்பதை அந்த விரிப்புதான் காட்டிக்கொடுத்தது.

இணைப்பு: என்னை நிறுத்திவைத்த இடம்

இனிமேல் மெதுவாகப் படியுங்கள்.

மன்ட்ரிட்டோ வெட்டி இரும்புக் கதவில் நிற்கிறேன். அடுத்து ரொவெர்சோ வெட்ட வேண்டும். நான் செய்தது இதுதான்: முன்னால் பாய்ந்த வாளைக் கைகளால் பிடித்து நிறுத்தினேன், இடத்தோளுக்குத் தூக்கினேன், மறுபடி வெட்டினேன். நூல்களில் உள்ள படங்கள் நிலைகளை மட்டும்தான் காட்டுகின்றன. ஒரு நிலையிலிருந்து மற்றொன்றுக்கு வாள் எந்த வழியாகப் போனது என்று படம் சொல்லாது. அதனால் நிலைக்கு நிலை நிறுத்துவதுதான் முறை என்று எண்ணிக்கொண்டேன். மூன்றாம் மாதம் வலது முழங்கையின் வெளிப்புறத்தில் வலி தொடங்கியது. தண்ணீர்ச் செம்பைத் தூக்கினால்கூட வலித்தது. மூன்று வாரம் வாளைத் தொடவே இல்லை.

யோசித்துப் பாருங்கள். இரண்டரை கிலோ எடை ஒன்றரை மீட்டர் நீளத்தில் சுழன்று வருகிறது. அதை முன்கைத் தசைகளால் நிறுத்துவது, ஓடும் மாட்டைக் கயிற்றால் வெடுக்கென்று இழுத்து நிறுத்துவது போன்றது. வாள் நின்றுவிடும்; அடி முழங்கையில் விழும். சண்டையில் இன்னொரு கேடும் உண்டு. வாள் நின்று திரும்ப எழும் அந்த இடைவெளியில் எவனும் உள்ளே புகுந்துவிடலாம். பலரைத் தள்ளி நிறுத்துவதற்காகவே உருவான ஆயுதத்துக்கு அந்த இடைவெளி ஆகாது.

வாளை நிறுத்தவே கூடாது. மன்ட்ரிட்டோ இறங்கி நுனி இடது முழங்காலைக் கடக்கும்போது அதைப் போகவிடுங்கள். இடக்கை குமிழை வலப்பக்கம் முன்னோக்கித் தள்ளட்டும். வலக்கை அச்சாக இருக்கட்டும். அலகு இடது காலை ஒட்டிப் பின்னால் போய், முதுகுக்குப் பின் எழுந்து, இடத்தோளுக்கு மேல் தானே வந்துவிடும். அப்போது வலது முன்கை இடது முன்கைக்கு மேலே குறுக்காக நிற்க வேண்டும். அங்கிருந்து ரொவெர்சோ இறங்கும். அதுவும் வலது முழங்காலைக் கடந்து, பின்னால் எழுந்து, வலத்தோளுக்கு வரும். இந்தச் சுழற்சிக்கு ‘முலினெல்லோ’ என்று பெயர்; சிறு ஆலை என்று பொருள். ஆலைச் சக்கரம் வெட்டுக்கு வெட்டு நிற்பதில்லை என்பது அந்தப் பெயரிலேயே இருக்கிறது. பெயரை முதல் நாளே படித்திருந்தும் நான் அதைக் காதில் வாங்கவில்லை.

சொன்னால் புரிந்துவிடும், கை கேட்காது. என் கைக்குப் புரியவைத்தது ஒரு குளியல் துண்டு. பெரிய பருத்தித் துண்டைத் தண்ணீரில் நனைத்து, ஒரு முனையில் முடிச்சுப் போட்டு, மறுமுனையை முறுக்கி இரண்டு கைகளாலும் வாளைப் போலப் பிடித்தேன். அதே பாதையில் சுழற்றினேன். நிறுத்த முயன்ற கணத்தில் துண்டு தொய்ந்து முடிச்சு தொடையில் வந்து விழுந்தது. ஓடவிட்டால் மட்டுமே அது விறைப்பாக நின்றது. துண்டை யாராலும் நிறுத்தித் தூக்கி வெட்ட முடியாது. ஒரு வாரம் தினமும் கால் மணி நேரம், சட்டை முழுவதும் நனைய, துண்டையே சுழற்றினேன். எட்டாம் நாள் மரவாளை எடுத்தபோது அது பாதி எடைதான் இருப்பதுபோல் தோன்றியது.

கால் எப்போது போக வேண்டும் என்பது அடுத்தது. வாள் உங்களுக்குப் பின்னால் இருக்கும்போது காலை முன்வைத்தால், ஆயுதமில்லாத உடலை எதிரியிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறீர்கள். கைப்பிடி காதளவு உயர்ந்த பிறகே கால் கிளம்பட்டும். அலகு மார்பளவு இறங்கும்போது பாதம் தரையைத் தொடட்டும். கை முந்த வேண்டும், கால் பிந்த வேண்டும். நூறு முறை மெதுவாக.

கூர் சரியாகப் போகிறதா என்பதைக் காதால் அறியலாம். எஃகு வாளில் முன்கூர், அதாவது எதிரியைப் பார்க்கும் கூர், காற்றைப் பிளந்தால் மெல்லிய, கூர்மையான சீறல் கேட்கும். அலகு சாய்ந்து தட்டையாகப் போனால் ஒலி மழுங்கும், அல்லது ஒலியே இருக்காது. எனக்கு மன்ட்ரிட்டோ சீறியது, ரொவெர்சோ ஊமையாக இருந்தது. வலது கட்டைவிரலைப் பிடியின் மேல் நீட்டி அழுத்திவைத்திருந்ததுதான் காரணம். விரலைச் சுற்றி வளைத்ததும் ஒலி வந்துவிட்டது.

நான்கு திசைக்கும்

இணைப்பு ஓடத் தொடங்கியதும் சரிவு வெட்டுகளை டோன்டோவாக மாற்றி, இரண்டு வெட்டுக்கு ஒருமுறை வேறு திசைக்குத் திரும்புங்கள். டி கிராஸ்ஸி சொல்லும் பயன் இங்கேதான் விளங்கும். முதலில் கண் திரும்ப வேண்டும், பிறகு இடுப்பு, கடைசியில் வாள். பார்க்காத திசைக்கு வாளை வீசாதீர்கள், பயிற்சியிலும் கூடாது.

இருபது நிமிடம் போதும். நுனி தானாகத் தாழத் தொடங்கினால் அன்றைக்கு அவ்வளவுதான்.

பிற்சேர்க்கை

இதை வெளியிட்ட பிறகு வந்த கேள்விகளில் மூன்று முக்கியமானவை.

சிலம்பம் கற்றவர் ஒருவர், தம் கைக்கு இந்தச் சுழற்சி உடனே வந்துவிட்டதாகவும் ஆனால் வாள் சீறவே இல்லை என்றும் எழுதினார். கம்பு எந்தப் பக்கம் பட்டாலும் அடிதான். அதனால் கம்பு பிடித்த கை பிடிக்குள் தாராளமாக உருளும், வழுக்கும். வாளில் கைகள் இடம் மாறக் கூடாது, பிடி உள்ளங்கையில் உருளவும் கூடாது. அவருக்குக் கால்களில் நான் சொல்லித்தர எதுவும் இல்லை. கரித்துண்டால் பிடியில் முன்கூர்ப் பக்கம் ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் அந்தக் கோடு விரல்களின் நடுக்கணுவுக்கு நேராக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். இரண்டு வாரத்தில் சரியாயிற்று.

உயரம் குறைந்த ஒருவருக்கு வாள் நுனி பின்புறம் தரையில் இடித்தது. அவர் வாங்கியிருந்தது 175 செ.மீ. வாள். பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய இத்தாலிய வாட்பயிற்சி ஆசிரியர் ஃபிலிப்போ வாதி, வாளை ஊன்றினால் குமிழ் அக்குள் வரை வர வேண்டும் என்கிறார். அது இதைவிடச் சிறிய இருகை வாளுக்குச் சொன்ன அளவு. ஆனால் இப்படிப்பட்டவர்கள் அந்த அளவு வாளில் தொடங்கி, முலினெல்லோ கைவந்த பிறகு நீளத்தைக் கூட்டுவது நல்லது.

ஈரத்துண்டுப் பயிற்சியை வீட்டுக்குள் செய்து விளக்கை உடைத்துக்கொண்டதாக இருவர் எழுதினார்கள். முடிச்சு கனமானது, அதற்கும் வாளுக்குரிய நான்கு மீட்டர் வேண்டும். வெளியே போய்ச் செய்யுங்கள்.