மானிட்டர் போச்சு என்று முடிவு கட்டுவதற்கு முன்

போன வருஷம் என் அக்கா வீட்டு மானிட்டர் ஒரே நாளில் மஞ்சளாகிப் போனது. வெள்ளையாக இருக்க வேண்டிய இடமெல்லாம் எலுமிச்சை நிறம். கடையில் கேட்டதற்கு, திருப்பிக்கூடப் பார்க்காமல் "பேனல் போயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க" என்று சொல்லிவிட்டார்கள். பேனல் என்றால் படம் காட்டும் திரை. அக்கா பணத்தைக்கூட எடுத்துவைத்துவிட்டார்.

நான் போய், சிபியுவிலிருந்து மானிட்டருக்குப் படம் கொண்டுவரும் விஜிஏ கேபிளைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மேல் வரிசையில் மூன்றாவது ஊசி மடங்கிப் படுத்திருந்தது. முதல் ஊசி சிவப்பு நிறத்தைக் கொண்டுவரும், இரண்டாவது பச்சையை, மூன்றாவது நீலத்தை. நீலம் வராவிட்டால் மிச்சமிருக்கும் சிவப்பும் பச்சையும் சேர்ந்து மஞ்சளாகத்தான் தெரியும். லெட் போட்டு எழுதும் பென்சிலில் லெட்டை எடுத்துவிட்டு, அந்தக் குழாய் நுனியை ஊசியில் மாட்டி மெதுவாக நிமிர்த்தினேன். திரும்பச் சொருகியதும் திரை வெள்ளையாகிவிட்டது. இதைப் பார்க்கும்போது நடு வரிசையில் ஒரு ஊசி இல்லவே இல்லையே என்று பதற வேண்டாம். பல விஜிஏ கேபிள்களில் ஒன்பதாவது ஊசி தயாரிக்கும்போதே இருக்காது.

கோளாறு எங்கே என்று பிரித்துப் பார்க்காமலே மானிட்டர் மேல் பழி போடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. பிரித்துப் பார்ப்பதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. மானிட்டருக்குக் கரண்ட் மட்டும் கொடுத்து, சிபியுவிலிருந்து வரும் கேபிளை உருவிவிடுங்கள். "நோ சிக்னல்" என்று எழுத்து தெளிவாக வந்தால் பேனலும், அதன் பின்னால் எரியும் விளக்கான பேக்லைட்டும் வேலை செய்கின்றன என்று அர்த்தம். கேபிள், அதைச் சொருகும் போர்ட், சிபியு பக்கம் போய்த் தேடுங்கள். சிபியு ஃபேன் சுற்றுகிறது, திரையில் மட்டும் ஒன்றுமில்லை என்றால் பல நேரம் ரேம் (சிபியுவுக்குள் சொருகியிருக்கும் மெமரி பட்டை) சரியாக உட்காராததுதான் காரணமாக இருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ரேமை எடுத்துத் திரும்ப அழுத்தி மாட்டிப் பாருங்கள். படத்துக்கென்று தனியாகக் கிராஃபிக்ஸ் கார்டு போட்டிருப்பவர்கள், கேபிளை அந்தக் கார்டில் சொருகாமல் பழைய பழக்கத்தில் மதர்போர்டு போர்ட்டிலேயே சொருகுவதும் சகஜம். எச்டிஎம்ஐ கேபிளைச் சொருகியிருக்கும்போது மானிட்டரில் சோர்ஸ் (எந்தக் கேபிளிலிருந்து படம் எடுப்பது என்ற தேர்வு) விஜிஏவில் நிற்பதும் அப்படித்தான்.

திரையில் கோடு விழுந்தால் உடனே மொபைலில் போட்டோ எடுத்து அனுப்பி "இது என்ன?" என்று கேட்கிறார்கள். போட்டோவில் எல்லாக் கோடும் விழும், அதிலிருந்து ஒன்றும் தெரியாது. ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அதை மொபைலில் திறந்து பாருங்கள். அதிலும் கோடு இருந்தால் கிராஃபிக்ஸ் கார்டிலோ அதை இயக்கும் மென்பொருளான டிரைவரிலோ கோளாறு. ஸ்கிரீன்ஷாட் சுத்தமாக இருந்தால் சந்தேகம் பெரும்பாலும் கேபிள் மேலும் மானிட்டர் மேலும்தான். கேபிளை மாற்றிப் பார்த்தும் கோடு போகாமல், மானிட்டரின் பட்டனை அழுத்தினால் வரும் அதன் சொந்த மெனுவின் குறுக்கேயும் அதே கோடு ஓடினால் பேனல் போய்விட்டது என்று ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். அந்தக் கோட்டைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்க்காதீர்கள். கொஞ்ச நேரம் மறைவது போலத் தெரியும், பிறகு பக்கத்தில் இன்னொன்று வரும்.

திரை கறுப்பாக இருக்கிறது, பவர் விளக்கு மட்டும் எரிகிறது என்றால், சிபியு ஓடும்போது அறையை இருட்டாக்கி டார்ச்சைச் சாய்வாகத் திரையில் அடியுங்கள். மங்கலாக ஐகான்கள் தெரிந்தால் படம் வருகிறது, பேக்லைட்தான் வரவில்லை. இது பல நேரம் ரிப்பேர் செய்யக்கூடியது.

ஆனால் அதற்காக நீங்களே பின்மூடியைத் திறக்காதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பாகச் சொல்வேன். வீட்டு 230 வோல்ட் கரண்ட், மானிட்டரின் பவர் போர்டுக்குள் ஏறக்குறைய 325 வோல்ட் டிசியாக மாறிப் மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் பெரிய கெபாசிட்டரில் தங்குகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது அங்கே இருக்கலாம். மூலையில் கிடக்கும் பழைய டியூப் மானிட்டர் என்றால் இன்னும் மோசம், அதன் உள்ளே 20,000 வோல்ட்டுக்கு மேல் போகும்.

வெளி அடாப்டரில் ஓடும் மானிட்டர்களிலும் ஒரு தவறு நடக்கிறது. முனை பொருந்துகிறதே என்று வீட்டில் கிடக்கும் ஏதோ ஒரு அடாப்டரை மாட்டிவிடுகிறார்கள். 12 வோல்ட் கேட்கும் மானிட்டருக்கு 19 வோல்ட் கொடுத்தால் உள்ளே இருக்கும் போர்டு எரிந்துபோகலாம். மானிட்டரின் பின்னால் ஒட்டியிருக்கும் எண்ணையும் அடாப்டரில் இருக்கும் எண்ணையும் ஒத்துப் பாருங்கள். வோல்ட் ஒன்றாக இருக்க வேண்டும், ஆம்பியர் குறையக் கூடாது.

துடைக்கும்போது கண்ணாடி துடைக்கும் ஸ்ப்ரேயை நேராகத் திரையில் அடிக்க வேண்டாம். வழிந்து கீழ்விளிம்புக்குள் இறங்கும். மெல்லிய துணியை லேசாக நனைத்துத் துடைத்தால் போதும்.

இவ்வளவும் பார்த்த பிறகு கடைக்குப் போனால், "மானிட்டர் ஓடலை" என்று மட்டும் சொல்லாதீர்கள். "மெனு வருது, கேபிள் மாத்திப் பாத்துட்டேன்" என்றோ "டார்ச் அடிச்சா படம் தெரியுது" என்றோ சொல்லுங்கள். அவர்களுடைய கேபிளை உங்கள் கண் முன்னாலேயே மாட்டிக் காட்டச் சொல்லுங்கள்.