உருளைக்கிழங்கும் கல் உப்பும்: செல் சவ்வைச் சோதித்துப் பார்க்க

மாவடுவில் உப்பைப் போட்டு வைத்தால் ஜாடியில் நீர் விட்டு வடு சுருங்குவது செட்டிநாட்டு வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். செல்லைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வின் வழியே, உப்பு அதிகமாக இருக்கும் பக்கம் நீர் நகர்கிறது; சவ்வூடு பரவல் என்பது அதுதான். அதையே அளந்து பார்க்க மைக்ராஸ்கோப் வேண்டாம், 0.1 கிராம் வரை காட்டும் தராசு இருந்தால் போதும்.

படி 1: முளைவிடாத, கெட்டியான உருளைக்கிழங்கை எடுத்துத் தோலை முழுக்கச் சீவுங்கள். தோல் நீரை எளிதில் விடாது; ஓர் ஓரத்தில் ஒட்டியிருந்தாலும் கணக்கு தப்பும். 5 செ.மீ. நீளம், 1 செ.மீ. கனத்தில் 12 துண்டுகள் நறுக்குங்கள். ஒரு துண்டு சுமார் 5 கிராம்தான் வரும் என்பதால் நான்கு நான்காகச் சேர்த்தே நிறுக்க வேண்டும்.

படி 2: மூன்று டம்ளர்களில் தலா 100 மி.லி. தண்ணீர் ஊற்றுங்கள். ஒன்றில் உப்பு வேண்டாம், அடுத்ததில் 1 கிராம், மூன்றாவதில் 5 கிராம். கல் உப்பைக் கரண்டியால் அளக்காதீர்கள். கல்லின் அளவுக்கேற்ப எடை மாறும். போர் தண்ணீர் லேசாகக் கரித்தாலும் கவலையில்லை, கிழங்கின் சாற்றைவிட அது நீர்த்ததே.

படி 3: டம்ளருக்கு நான்கு துண்டுகளைப் போட்டு, வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) வெயில் படாத இடத்தில் 2 மணி நேரம் வையுங்கள். எடுத்ததும் துணியில் ஒற்றி நிறுங்கள். பலரும் சறுக்குவது இங்கேதான்: ஒரு தொகுதியை அழுத்தித் துடைத்து, இன்னொன்றை ஈரத்தோடு வைத்தால் வரும் வித்தியாசம் சவ்வுடையது அல்ல, துணியுடையது.

எடை மாற்றத்தைத் தொடக்க எடையால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். 20 கிராம் 21 ஆனால் 5 சதவீதம் கூடியிருக்கிறது. வெறும் நீரில் கிடந்தவை விறைத்து, ஒடித்தால் படக்கென்று ஒடியும். 5 கிராம் உப்பில் கிடந்தவை எடை குறைந்து ரப்பர்போல் வளையும். 1 கிராம் உப்பில் மாற்றம் மிகக் குறைவு. கிழங்கைப் பொறுத்து சற்றுக் கூடலாம், குறையலாம்.

செல்சுவர் நீர், உப்பு இரண்டையுமே விட்டுவிடும். மறிப்பது அதற்கு உள்ளே இருக்கும் சவ்வு. மின்னூட்டம் உள்ள சோடியம், குளோரைடு அயனிகளால் சவ்வின் கொழுப்பு அடுக்கை எளிதில் கடக்க முடியாது. நீருக்கோ அக்வாபோரின் என்ற புரத வாய்க்கால்களே உண்டு. அவற்றைக் கண்டறிந்ததற்காகப் பீட்டர் அக்ரே 2003-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

வளைந்த துண்டை உடனே வெறும் நீரில் போட்டால் மறுபடி விறைக்கும். இரவு முழுதும் உப்பில் ஊறவிட்டால் செல்கள் செத்துவிடும், விறைக்காது.

படி 4: சவ்வு குலைந்தால் என்ன ஆகும் என்று பீட்ரூட்டில் பாருங்கள்; இதைத் தவிர்த்தால் சோதனை அரைகுறைதான். பீட்ரூட் துண்டுகளைக் கழுவும் நீர் தெளியும்வரை அலசுங்கள். இல்லாவிட்டால் கத்தி பட்டு உடைந்த செல்களின் சாயம் குழப்பும். ஒன்றைச் சாதாரண நீரிலும் மற்றொன்றைக் கொதித்து இறக்கிய நீரிலும் 10 நிமிடம் போடுங்கள். சூட்டில் சவ்வு குலைந்து, நுண்குமிழிக்குள் (செல்லுக்குள் சாறு நிறைந்த பைக்குள்) இருந்த சாயம் கொட்டும். சாதாரண நீர் ஏறக்குறைய அப்படியே இருக்கும்.