ஒரே கிளஸ்டர், வேறு வேறு கண்டிப்பு: கசாண்ட்ராவில் கைவைத்துப் பார்ப்போம்

வீடியோவின் பார்வை எண்ணிக்கை கொஞ்சம் குறைவாகத் தெரிந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. மாற்றிய பாஸ்வேர்டுக்குப் பதில் பழையதே செல்லுபடியானால் சிக்கல். ஒரே பஸ் சீட்டை இரண்டு பேருக்கு விற்றுவிட்டால் சண்டையே வரும். இந்த மூன்றையும் ஒரே கிளஸ்டரில் (சேர்ந்து வேலை செய்யும் கணினிகளின் கூட்டத்தில்) வைத்து, எதற்கு எவ்வளவு கண்டிப்பு தேவையோ அவ்வளவை மட்டும் கேட்டு வாங்கலாம்.

கருவி அப்பாச்சி கசாண்ட்ரா என்ற டேட்டாபேஸ். ஃபேஸ்புக்கில் இன்பாக்ஸ் தேடலுக்காக எழுதப்பட்டு, 2008-ல் திறமூலமாக வெளிவந்தது. பிரதி எடுக்கும் முறையில் அமேசானின் 2007 டைனமோ ஆய்வுக் கட்டுரையின் சாயல் நிறையவே உண்டு.

படி 1: முதலில் பேப்பர்

ஒவ்வொரு டேபிளுக்கும் இரண்டு கேள்விகள். பழைய தகவல் வந்தால் என்ன கெடும்? பதிலே வராவிட்டால் என்ன கெடும்? இதை எழுதாமல் நேராக இன்ஸ்டால் செய்யப் போகிறவர்கள்தான் பின்னால் எல்லாவற்றுக்கும் உச்சக் கண்டிப்பு வைத்துவிட்டு, சிஸ்டம் மெதுவாக இருக்கிறது என்று புலம்புகிறார்கள்.

படி 2: மூன்று நோடு

நோடு என்றால் கிளஸ்டரில் உள்ள ஒரு கணினி. ஒரே லேப்டாப்பில் மூன்றையும் தனித்தனியாக ஓட்ட டாக்கர் என்ற மென்பொருள் போதும். ஒவ்வொரு நோடின் ஹீப் (அது பயன்படுத்தும் நினைவகம்) அளவையும் 512 எம்பிக்குள் அடக்குங்கள். மூன்றையும் ஒரே நேரத்தில் கிளப்ப வேண்டாம். நோடுகளின் நிலையைக் காட்டும் 'நோடுடூல் ஸ்டேட்டஸ்' கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். முந்தைய நோடுக்குப் பக்கத்தில் 'யூஎன்' (எழுந்து இயல்பாக ஓடுகிறது) என்று வந்தபிறகு அடுத்ததைத் தொடங்குங்கள். அப்புறம் ஒரு கீஸ்பேஸ் (டேபிள்களை வைக்கும் தொகுப்பு) உருவாக்கி, பிரதி எண்ணிக்கை 3 என்று கொடுங்கள். இப்போது ஒவ்வொரு வரியும் மூன்று நோடிலும் இருக்கும்.

படி 3: கணக்கு

எழுதும்போது எத்தனை பிரதி 'வந்து சேர்ந்தது' என்று சொல்ல வேண்டும், வாசிக்கும்போது எத்தனையைக் கேட்க வேண்டும் என்பதை ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனித்தனியாக நீங்களே சொல்லலாம். இரண்டின் கூட்டுத்தொகை 3-ஐத் தாண்டினால், எழுதியவற்றில் ஒன்றாவது வாசிப்பில் மாட்டியே தீரும். 2+2 சரி, இதுதான் கோரம் (பெரும்பான்மை) நிலை. 1+1 போதாது, ஆனால் வேகம். பார்வை எண்ணிக்கைக்கு 'ஒன்' (ஒரு பிரதி போதும்), பாஸ்வேர்டுக்கு இரண்டு பக்கமும் 'கோரம்' என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: வேண்டுமென்றே உடையுங்கள்

முதல் இரண்டு நோடிலும் ஹின்டட் ஹேண்ட்ஆஃபை அணைத்துவிடுங்கள். விழுந்த நோடுக்கான எழுத்துகளைச் சேர்த்து வைத்து, அது எழுந்ததும் கொடுக்கும் வசதி அது. இருந்தால் சோதனை கெட்டுப்போகும். மூன்று நோடும் ஓடும்போது ஒரு வரியில் 'பழையது' என்று எழுதுங்கள். மூன்றாவது நோடை நிறுத்திவிட்டு, முதல் நோடிலிருந்து அதே வரியை 'புதியது' என்று மாற்றுங்கள். 'ஒன்' போதும், கசாண்ட்ராவுக்குக் கட்டளை கொடுக்கும் சிக்யூஎல் ஷெல்லின் இயல்பு நிலையே அதுதான். மூன்றாவதை மறுபடி கிளப்பி, அது முழுதாக எழுந்ததும் மற்ற இரண்டையும் நிறுத்துங்கள்.

இப்போது மூன்றாவதில் 'ஒன்' நிலையில் வாசித்தால் 'பழையது' என்றே வரும். பிழைச் செய்தி எதுவும் இல்லை, தைரியமாகப் பொய் சொல்கிறது. அங்கேயே 'கோரம்' கேட்டால் முடியாது என்று மறுத்துவிடும். பொய்யா, மறுப்பா? பேப்பரில் எழுதிய இரண்டு கேள்விகளும் இதற்குத்தான்.

மற்ற இரண்டும் எழுந்தபின் கோரத்தில் வாசித்தால் 'புதியது' வரும். நேர முத்திரை பிந்தியது எதுவோ அதுவே ஜெயிக்கும். 'ஆல்' நிலையில் ஒருமுறை வாசித்தால் மூன்று பிரதிகளையும் ஒப்பிட்டு, பழையதைத் திருத்தியும் விடும். கடைசியில் ஹேண்ட்ஆஃபை மறக்காமல் இயக்குங்கள்.

இன்னொன்று: எழுத்து டைம்அவுட் ஆனால் அது நடக்கவில்லை என்று அர்த்தமில்லை. ஏதோ ஒரு நோடில் பதிந்திருக்கலாம். கசாண்ட்ரா அதைத் திரும்பப் பெறாது.

படி 5: சீட் விவகாரம்

கோரம் வைத்துவிட்டோம், சீட் பத்திரம் என்று நினைக்காதீர்கள். இருவர் ஒரே நேரத்தில் வாசித்து, இருவருக்கும் 'காலி' என்று வந்து, இருவரும் எழுதினால் பிந்திய நேர முத்திரை முன்னதை அழித்துவிடும். இங்கே வேண்டியது 'இஃப் நாட் எக்ஸிஸ்ட்ஸ்' (ஏற்கெனவே இல்லாவிட்டால் மட்டும் எழுது) நிபந்தனையோடு கூடிய லைட்வெயிட் டிரான்ஸாக்‌ஷன். பாக்ஸோஸ் என்ற உடன்பாட்டு முறையில் நோடுகள் பேசி முடிவெடுப்பதால் போக்குவரத்து கூடும், நேரமும் எடுக்கும். சீட்டுக்கு அந்தத் தாமதம் தகும், பார்வை எண்ணிக்கைக்குத் தகாது.

இரண்டு ஊர்களில் டேட்டா சென்டர் வைக்கும் அளவுக்கு வளர்ந்தால், கோரத்தின் இடத்தில் 'லோக்கல் கோரம்' போடுங்கள். ஒவ்வொரு கோரிக்கையும் அடுத்த ஊரின் பதிலுக்காகக் காத்திருக்காது. ஆனால் ஓர் ஊரில் எழுதியது மற்ற ஊரில் உடனே தெரியும் என்ற உறுதி அப்போது கிடையாது.